சேதனப் பசளையும் செத்த வண்டும்

மாட்டுக்கு ஊசி போட்டாயிற்று. ஐம்பது கிலோவுக்கு ஒரு மில்லி லீற்றர் என்பது கணக்கு. முந்நூறு கிலோ மாட்டுக்குத் தோலுக்கடியில் ஆறு மில்லி லீற்றர் ஐவர்மெக்டின். அந்த ஆறுக்குள் மருந்து என்று இருப்பது வெறும் 60 மில்லிகிராம். குடலில் உள்ள உருளைப்புழு போகும், பேன் போகும், சொறி போகும். தெரணியகலைப் பக்கம் ஏதோ ஒரு லயத்தின் பின்னால் பால் வற்றிக் கட்டியிருக்கும் லெச்சுமி கொஞ்ச நாளில் மினுமினுப்பாகி வாலைச் சுழற்றும். வந்த உத்தியோகத்தர் கொப்பியில் ஒரு கோடு இழுப்பார். வருடக் கடைசியில் கோடுகளைக் கூட்டினால் ஓர் அறிக்கை. அறிக்கையின் முதற் பக்கத்தில் அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, சிரித்த படத்துடன். மாட்டின் முன்பக்கம் முழுக்க அரசாங்கத்தின் பார்வையில் இருக்கிறது.

பின்பக்கத்தில் நடப்பதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஐவர்மெக்டின் மாட்டுக்குள் போய்க் காணாமல் போகிற சாமான் இல்லை. அதன் பெரும்பங்கு சாணியோடு வெளியே வருகிறது, அதுவும் பெரும்பாலும் உருமாறாமல். முதற் கிழமை அதிகமாக, பிறகு வாரக்கணக்கில் குறைந்து குறைந்து. கிருமிநாசினித் தாங்கியை முதுகில் சுமந்து மலையில் மருந்தடிக்கும் தொழிலாளிக்கு முகமூடி, கையுறை, சப்பாத்து என்று காகிதத்திலாவது ஒரு சட்டம் இருக்கிறது. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பூச்சிகொல்லி போடும் லெச்சுமிக்கு அதுவும் இல்லை. மனிதர் குடிக்கும் பாலைக் கறக்கும் மாட்டுக்கு இந்த ஊசி கூடாது என்று மருந்தோடு வரும் தாளே சொல்லும். இறைச்சிக்கும் நாள் கணக்கு உண்டு. ஆக, வாய்க்குள் போவதற்கெல்லாம் காவல் போட்டாயிற்று. சாணியை யார் தின்னப் போகிறார்கள்?

தின்பவர் இருக்கிறார். கறுப்பாக, கொம்போ கூனோ வைத்துக்கொண்டு, இரவில் விளக்கில் வந்து முட்டி விழுவாரே, அவர்தான். சாணி வண்டு. நம் ஊரில் அவருடைய பெயர் ஆளை ஏசுவதற்கு மட்டும் பயன்படும். சிலர் சாணியை உருட்டிக்கொண்டு போவார்கள்; சிலர் சாணிக்கு நேர் கீழே சுரங்கம் வெட்டி உள்ளே இறக்குவார்கள்; சிலர் சாணிக்குள்ளேயே குடும்பம் நடத்துவார்கள். போட்ட சாணி மண்ணுக்குள் போவது, மண் இளகி மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவது, ஈ முட்டையிட இடம் இல்லாமல் போவது, எல்லாம் இவர்களால் நடக்கிறது. அமெரிக்காவில் 2006 இல் லோசி, வோன் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: அந்த நாட்டு மாட்டுத் தொழிலுக்குச் சாணி வண்டு செய்து கொடுக்கும் வேலையின் பெறுமதி வருடத்துக்கு 38 கோடி டொலர். சம்பளம் கேட்காத ஆளின் வேலைக்குப் பெறுமதி போடும் பழக்கம் நம் தோட்டங்களில் இல்லாதபடியால், இங்கே எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை.

இங்கே நடக்கக்கூடியது வேறு. ஓர் உள்ளக விசாரணை. கற்பனைதான், பயப்படாதீர்கள். தோட்டத்து ஒபீஸ். மேசைக்கு அந்தப் பக்கம் துரை, பக்கத்தில் கிளாக்கர் ஐயா, மூலையில் சங்கத் தலைவர் போனைப் பார்த்தபடி. இந்தப் பக்கம் வண்டு.

"இரத்தினபுரி மாவட்டத்தில அனுமதிப்பத்திரம் இல்லாம குழி தோண்டியிருக்க. மாணிக்க அதிகாரசபைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க தொர. கல்லு ஒண்ணும் எடுக்கலீங்க. சாணியத்தான் உள்ள வச்சேன்."

"அதுதான் பெரிய குத்தம். மண்ணுக்குள்ள இருந்து எடுக்கிறவனப் பாத்திருக்கோம். உள்ள வைக்கிறவன இந்த மாவட்டத்தில பாத்ததே இல்ல. எத்தன வருஷமா வேல செய்ற?"

"மாடு வந்த காலத்தில இருந்துங்க. அதுக்கு முன்ன ஆனைகிட்ட இருந்தோம்."

"கிளாக்கர், செக்ரோல்ல பேர் இருக்கா?"

"இல்லை சேர். ஈ.பி.எஃப். கூட இல்லை."

"பேரே இல்லாதவன எப்படி வேலையில இருந்து நிப்பாட்டுறது?"

"நிப்பாட்டத் தேவையில்லை சேர். ஊசி போட்டாச்சு."

சங்கத் தலைவர் அப்போதுதான் தலையைத் தூக்கி, வண்டு சந்தா கட்டுகிறதா என்று கேட்டார்.

அந்த ஊசி என்ன செய்யும் என்பது ஒன்றும் பரம இரகசியமில்லை. புழுவின் நரம்பில் குளோரைட்டு அயன் நுழையும் கதவைத் திறந்தே வைத்துவிடும்; புழு முடங்கும். அதே கதவு பூச்சிகளின் நரம்பிலும் உண்டு. 1987 இல், வோல், ஸ்ட்ரோங் என்ற பிரித்தானிய ஆய்வாளர் இருவர் மெதுவாகக் கசியும் ஐவர்மெக்டின் குளிசையைக் கன்றுகளுக்குக் கொடுத்து, சாணியை வெளியில் வைத்துப் பார்த்து, 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். மருந்து வாங்காத கன்றின் சாணி நூறு நாளில் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மருந்து வாங்கிய கன்றின் சாணி போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. அது குளிர் நாடு, அது குளிசை, நமக்கு மழையும் கறையானும் இருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். நியாயம். கறையான் சாணியைக் கரைத்துவிடும். அதற்குள் செத்த குடம்பியை எழுப்பிவிடாது.

வளர்ந்த வண்டு பல சமயம் சாவதில்லை என்பதுதான் இதில் குரூரம். 2015 இல் ஸ்பெயினில் வெர்டுவும் கூட்டாளிகளும் பார்த்தது இது: மிகச் சிறிய அளவு ஐவர்மெக்டின் போதும், வண்டின் மோப்பம் மங்கும், கால் தளரும். சாணியைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டாலும் உருட்ட முடியாது. முட்டையிட்டாலும் உள்ளே குடம்பி பிழைக்காது. ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டை போட்டு ஈடுகட்டிவிடும். வண்டு ஓர் உருண்டைக்கு ஒரு முட்டைதான் வைக்கும். ஆகவே மருந்தின் வீரியம் குறைந்ததும் முதலில் திரும்பி வருவது ஈ. வண்டு புதைத்திருந்தால் சாணியோடு அழிந்திருக்கக்கூடிய புழு முட்டைகளும் வெளியில் பத்திரமாக இருக்கும். மாட்டுக்கு மறுபடி புழு, மறுபடி ஊசி. போட்டியாளரை இவ்வளவு சுத்தமாக ஒழித்துவிட்டு வாடிக்கையாளரை இவ்வளவு நிரந்தரமாகப் பிடித்துவைக்கும் வியாபாரத்தைக் கொழும்பில் எந்த முதலாளியும் கண்டுபிடித்ததில்லை.

அதே 2015 இல்தான் இந்த மருந்துக்காக ஜப்பானின் சத்தோஷி ஒமுராவுக்கும் வில்லியம் கெம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசு. ஆபிரிக்காவில் ஆற்றுக் குருடு நோயிலிருந்து கோடிக்கணக்கானோரைக் காத்த மருந்து அது. அதைத் தயாரித்த மேர்க் நிறுவனம் 1987 முதல் இலவசமாகவே கொடுத்து வருகிறது. மருந்தோடு எனக்குச் சண்டையில்லை. நோயே இல்லாத மாட்டுக்கும் வரிசையில் நிற்பதால் மட்டும் ஊசி போட்டுக் கோடு இழுக்கும் கொப்பியோடுதான் சண்டை. உண்ணிக்கு முதுகில் ஊற்றும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகையறாவுக்கும் இதே கதைதான் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். அவையும் சாணியில் வந்து பூச்சியைக் கொல்லும்.

இனி நம் நாட்டின் பொற்காலத்துக்கு வருவோம். 2021.

அந்த ஆண்டு மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் இறக்குமதி செய்யத் தடை விதித்து வர்த்தமானி வெளியிட்டது. படுக்கும்போது இரசாயன நாடாக இருந்தது, விடியும்போது சேதன நாடாகிவிட்டது. அதுவரை லயத்தின் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர்களுக்கெல்லாம் சாணி திடீரெனத் தேசிய வளம். தொலைக்காட்சியில் நிபுணர்கள் கூட்டெருவைக் கையில் அள்ளி முகர்ந்தார்கள். கொழும்பில் ஏசி அறையில் இருந்துகொண்டு, நாட்டில் எத்தனை மாடு, மாடொன்றுக்கு எத்தனை கிலோ சாணி, பெருக்கினால் எத்தனை தொன் என்று பலகையில் எழுதிக் காட்டினார்கள். அந்தப் பெருக்கல் கணக்கில் லெச்சுமியும் இருந்தாள். அவளுக்குப் போன மாதம் போட்ட ஊசி இல்லை.

தாங்கி வழியாக வந்தால் நஞ்சு, தடை. மாட்டின் வழியாக வந்தால் சேதனப் பசளை, கொள்வனவு. ஒரே பூச்சியைக் கொல்லும் ஒரே வகைச் சாமான், ஓர் உயிருள்ள வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வந்ததும் புனிதமாகிவிட்டது. கங்கையில் முழுகினால் பாவம் போகும் என்பார்கள். லெச்சுமியின் குடலில் முழுகினால் இரசாயனம் போகும் என்று வர்த்தமானி நம்பியது.

உள்ளூர்ச் சாணி போதவில்லை என்று சீனாவிலிருந்து சேதனப் பசளை வரவழைத்தார்கள். சிங்டாவோ சீவின் பயோடெக் கம்பனியின் சரக்கு, 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பலில் 20,000 தொன். பயிர்த் தடுப்புக்காப்புச் சேவை மாதிரியைச் சோதித்தது. பயிருக்குக் கேடு செய்யும் எர்வினியா பக்டீரியா இருக்கிறது என்றது. கப்பல் கடலில் சுற்றியது. பணம் கட்டாத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், ஒரு மூட்டையையும் இறக்காத கப்பலுக்கு ஏறக்குறைய எழுபது இலட்சம் டொலர் கட்டினோம். டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு வரிசையில் நிற்கத் தொடங்கிய நேரம் அது. தடையோ நவம்பர் மாதமே கழன்றுவிட்டது. அந்தக் காலத்து விவசாய அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 2025 மே மாதம் இருபது வருடக் கடூழியச் சிறைத் தண்டனை கிடைத்தது. கேரம் பலகை இறக்குமதி செய்த வழக்கில். எந்த உரத்தில் எது முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்!

விலை கொடுத்தது யார் என்று கேட்க வேண்டுமா? 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 251 மில்லியனுக்கு விழுந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்திருந்தது. அந்த ஆயிரத்தை முழுதாகக் காண இத்தனை கிலோ கொழுந்து வேண்டும் என்று தோட்டங்கள் இலக்கைக் கூட்டின. உரமில்லாத மலையில் கொழுந்து எங்கே? கிலோ குறைந்தால் அரைப்பேர். காவத்தையிலும் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் ஜனாதிபதியின் சேதனக் கனவுக்குத் தினமும் அரைநாள் சம்பளம் நன்கொடை கொடுத்தவர்கள் கூடை சுமந்த பெண்கள். அவர்களுடைய பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் வரவில்லை.

மருந்து விடயத்தில், இந்தத் தோட்டங்கள் இருக்கும் சப்ரகமுவ மாகாணத்துக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. 2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர், காளி அம்மன் அருளியது என்று சொல்லி, தேனும் சாதிக்காயும் சேர்ந்த கொரோனாப் பாணி கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. காளியின் பாணிக்குக் கூட ஆய்வு, அறிக்கை, விவாதம் என்று நாடே அமளிப்பட்டது. அதே கேகாலை மாவட்டத்தில், பின்னவல யானையின் சாணியைக் காகிதமாக்கிச் சுற்றுலாக்காரருக்கு விற்கிறார்கள். அழகான தொழில், குறையில்லை. யானைச் சாணிக்கு ஏற்றுமதிச் சந்தை இருக்கிறது. லயத்து மாட்டுச் சாணிக்கு ஒரு பரிசோதனைக் குழாய் கூட இல்லையென்றால் அது சாணியின் குற்றமா, லயத்தின் குற்றமா?

நம்மை இங்கே கொண்டுவந்து இறக்கியவர்களின் நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிரித்தானியாவில் விற்கும் ஐவர்மெக்டின் ஊசியின் விபரத்தாளில் ஓர் எச்சரிக்கை அச்சாகிறது: நீர்வாழ் உயிர்களுக்கும் சாணிப் பூச்சிகளுக்கும் இது கடும் நஞ்சு, ஊசி போட்ட மாட்டை 14 நாளைக்குக் குளத்துக்கோ ஓடைக்கோ நேரே விடக்கூடாது, ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஒரே பருவத்தில் திரும்பப் போடுவதென்றால் மிருக வைத்தியரைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு புது ஒட்டுண்ணி மருந்து சந்தைக்கு வருமுன் சாணி ஈக்கும் சாணி வண்டுக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் சர்வதேச வழிகாட்டிகள் கூட இருபது வருடப் பழசு. துரைமார் நாட்டு ஓடைக்குப் பதினாலு நாள் காவல். நம் தோட்டத்து ஓடையில் ஊசி போட்ட மாட்டை அன்று மாலையே குளிப்பாட்டிவிட்டு, கீழே பத்தடி தள்ளி நாம் குளிக்கிறோம். எச்சரிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டினால் கம்பனிக்குப் பசை செலவாகும்.

துரைமார் நம் வண்டுகளையும் மறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கில்பர்ட் அரோ என்பவர் 1931 இல் இலண்டனில் ஒரு தடித்த புத்தகம் போட்டார். இந்தியா, இலங்கை, பர்மாவின் சாணி வண்டுகள் அதில் கொம்பின் வளைவு, காலின் முள் வரை அளக்கப்பட்டு, இலத்தீன் பெயரோடு நிற்கின்றன. அதே 1931 இல்தான் டொனமூர் யாப்பு இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கொடுத்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் வதிவிடச் சான்று, அது, இது என்று முட்டுக்கட்டை. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மை மொத்தமாகவே பதிவேட்டிலிருந்து கிழித்தது. வண்டை ஒருவரும் கிழிக்கவில்லை. அரோவின் புத்தகத்தில் அது இன்னும் இலங்கைப் பிரசை. இப்போது ஊசிமுனையில்தான் அதன் பிரசாவுரிமை போகிறது. சிரிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அனுப்பிவைக்க அக்கரையில் அதற்கு ஊருமில்லை.

அக்கரையைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. மாட்டுக்குப் போட்ட மருந்து மாட்டோடு நிற்கும் என்று நம்பியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். டைக்ளோபெனாக் என்ற வலிமருந்து மாட்டுக்கு நன்றாகவே வேலை செய்தது. செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி, 1990கள் தொடங்கி இந்தியாவில் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004 இல் தெரிந்தது, மாட்டுக்கான உற்பத்தி 2006 இல் தடையானது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியவற்றை இன்று விரல்விட்டு எண்ணிக் காவல் காக்கிறார்கள். கழுகு போனதால் பிணம் அழுகி, நாய் பெருகி, நோய் பரவி, 2000 முதல் 2005 வரை ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று இரண்டு பொருளியலாளர்கள் 2024 இல் கணக்கிட்டார்கள். கழுகு பெரிய பறவை. வானத்தில் இல்லையென்றால் யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்தாவது கவனிப்பார். வண்டு இல்லை என்பதைக் கவனிக்கச் சாணிக்குமுன் குந்த வேண்டும். நம் நிபுணர்களின் காற்சட்டை அதற்குத் தைத்ததில்லை.

மாடு வளர்க்கும் அக்காவை இதில் இழுத்துவிட வேண்டாம். கம்பனி நிலத்தில், துரையின் தயவில், ஒரு கொட்டில். கடைப் பாக்கி போகச் சம்பளத்தில் மிச்சமில்லாத மாதத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து பால் காசில்தான் வருகிறது. "பூச்சி மருந்து போட்டா மாடு தேறும்" என்று டொக்டர் ஐயா சொன்னால் அவர் மாட்டைப் பிடித்துக் கொடுப்பார், வேறென்ன செய்வார்? அவருக்குச் சொல்லாமல் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஊசிக்கு முன் ஒரு சிட்டிகை சாணியை நுண்ணோக்கியில் வைத்து முட்டை எண்ணினால் எந்த மாட்டுக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிடும். குடற்புழு மட்டும்தான் பிரச்சினையென்றால் அல்பெண்டசோல், லெவமிசோல் போன்ற பழைய மருந்துகள் இருக்கின்றன. சாணி வண்டுக்கு அவற்றால் பெரிய கெடுதி இல்லை. சொறிக்கும் பேனுக்கும் ஐவர்மெக்டின் வேண்டியிருந்தால் போடுங்கள். போட்ட மாட்டின் சாணியைச் சில கிழமை புறம்பாகக் குவித்து மக்கவிட்டுப் பிறகு மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோங்கள். வெயிலிலும் சூட்டிலும் மருந்து சீக்கிரம் சிதையும்; குளிரில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். இவ்வளவையும் ஒரு முகாமில், தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கலாம்.

இதை மேலிடத்தின் காதில் போட எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் மாட்டுச் சாணியைப் புதைக்கத் தெரிந்த வண்டு இல்லாமல் 1960களிலிருந்து இருபது வருடம் ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேடி வண்டு இறக்குமதி செய்தார்கள். ஜோர்ஜ் போர்னமிசா என்ற ஹங்கேரியர் தொடங்கி வைத்த வேலை. இந்தச் செய்தி கொழும்புக்கு எட்டினால் என்ன நடக்கும் என்பது எனக்கு இப்போதே தெரியும். ஒருநாள் விடியுமுன் ஐவர்மெக்டினுக்கு அடியோடு தடை என்று வர்த்தமானி வரும். மாடெல்லாம் சொறிந்துகொண்டு நிற்கும். ஏழாம் மாதம் தடை நீங்கும். அதற்குள் யாரோ ஒருவர் ஒரு கப்பல் நிறைய வண்டுக்கு டொலரில் முற்பணம் கட்டியிருப்பார்.